முதலில் ஜன்னலைத் திறவுங்கள்!

இரவு பத்து மணி. கோவையிலிருந்து திருச்சிக்குச் செல்லும் பேருந்தில் ஏறி, பல்லடம், காங்கயம் கடந்து, வெள்ளகோவிலில் இறங்குகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறுநாள் காலையில் நூல் விலை பேச வேண்டும்; அல்லது முருங்கைக்காய்ச் சந்தைக்குப் போக வேண்டும்; அல்லது வீரக்குமாரசாமி கோவிலுக்குச் செல்ல வேண்டும். பக்கத்தில் உள்ள ஒரு லாட்ஜில் அறை எடுக்கிறீர்கள். பதிவேட்டில் கையெழுத்திட்டு, சாவியை வாங்கி, படியேறி, கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, மின்விசிறியைச் சுழலவிட்டு, 'அப்பாடா' என்று கட்டிலில் சாய்கிறீர்கள்.

இந்த ஐந்து நிமிடத்தில் எத்தனை பொருள்களைத் தொட்டீர்கள் என்று எண்ணிப் பாருங்கள். பேனா, சாவி, படிக்கட்டின் கைப்பிடி, தாழ்ப்பாள், சுவிட்ச், கட்டில் சட்டம், தலையணை... பத்துக்குக் குறையாது. இன்னொரு கேள்வி. அதே ஐந்து நிமிடத்தில் எத்தனை முறை மூச்சை உள்ளே இழுத்தீர்கள்? நிமிடத்துக்குச் சுமார் 15 முறை என்றால் 75 முறை!

கோவிட்-19 பெருந்தொற்று உலகைச் சூழ்ந்த 2020ஆம் ஆண்டில், தங்கும் விடுதிகளின் துப்புரவு முறையை மாற்றியது முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியின் முழுப் பொருளும் விளங்க ஏறத்தாழ ஓராண்டு ஆயிற்று. அந்த இரண்டு கேள்விகளுக்கும் இடையே விஞ்ஞானம் நடந்த பாதைதான் இந்தக் கட்டுரை.

(நம் ஊர்களில் 'ஓட்டல்' என்றால் சாப்பிடும் இடம். இங்கே நாம் பேசுவது தங்கும் விடுதியைப் பற்றி.)

கண்ணும் மூக்கும் நீதிபதிகள்

பெருந்தொற்றுக்கு முன் ஓர் அறை சுத்தமாக இருக்கிறதா என்று தீர்மானித்தவை எவை? கண்ணும் மூக்கும்தாம். விரிப்பில் கறை இல்லை, தரையில் தூசி இல்லை, குளியலறையில் பினாயில் மணம் வீசுகிறது என்றால் அறை சுத்தம். விருந்தினர் அறையைக் காலி செய்ததும் துப்புரவுப் பணியாளர் உள்ளே நுழைவார். விரிப்பை உதறி எடுப்பார். சீமாறு கொண்டு பெருக்குவார். ஈரத்துணியால் துடைப்பார். புது விரிப்பைப் போட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். ஒரே துணி நான்கு அறைகளைத் துடைத்தாலும் கேட்பாரில்லை.

ஆனால் கோவிட் வைரஸின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. கண்ணும் மூக்கும் அதன்முன் என்ன செய்ய முடியும்?

விடுதி வழியாக நோய் பரவக்கூடும் என்பது அப்போதே தெரிந்த செய்திதான். 2003 பிப்ரவரியில், சார்ஸ் நோய் கண்டிருந்த ஒரு சீன மருத்துவர் ஹாங்காங்கில் ஒரு விடுதியின் ஒன்பதாம் மாடியில் தங்கினார். அங்கே தங்கியிருந்த மற்றவர்களுக்கும், வந்துபோனவர்களுக்கும் நோய் தொற்றியது. அவர்கள் மூலம் வியட்நாமுக்கும் சிங்கப்பூருக்கும் கனடாவுக்கும் அது பரவியது. விடுதி என்பது முன்பின் அறியாதவர்கள் ஒரே தாழ்வாரத்தையும் ஒரே காற்றையும் பகிர்ந்துகொள்ளும் இடம். இந்த எச்சரிக்கையை உலகம் விரைவில் மறந்துவிட்டது.

பரப்பின்மேல் போர்

2020 மார்ச் 25 முதல் நாடெங்கும் ஊரடங்கு. விடுதிகள் மூடப்பட்டன. சில விடுதிகள் மட்டும் வெளிநாட்டிலிருந்து திரும்பியோரைத் தனிமைப்படுத்தவும், மருத்துவர்கள் தங்கவும் பயன்பட்டன. தமிழ்நாட்டில் விடுதிகள் மீண்டும் இயங்க 2020 செப்டம்பர் 1 முதல் அனுமதி கிடைத்தது.

இதற்கிடையில், அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க விஞ்ஞானிகள் ஓர் ஆய்வின் முடிவை வெளியிட்டனர். வைரஸைப் பல பொருள்களின்மேல் இட்டு, எவ்வளவு நேரம் அழியாமல் இருக்கிறது என்று பார்த்தார்கள். செம்பின்மேல் 4 மணி நேரம், அட்டையின்மேல் 24 மணி நேரம், எவர்சில்வர் மேல் 48 மணி நேரம், பிளாஸ்டிக் மேல் 72 மணி நேரம் வரை அது தாக்குப்பிடித்தது. செய்தித்தாள்கள் இதை உலகெங்கும் கொண்டுசென்றன. தொட்ட பொருளெல்லாம் நஞ்சாகத் தோன்றிய காலம் அது.

மத்திய சுகாதார அமைச்சகம் 2020 ஜூன் 4ஆம் தேதி விடுதிகளுக்கென்று விதிமுறைகளை வெளியிட்டது. கதவுக் குமிழ், லிஃப்ட் பொத்தான், கைப்பிடி முதலியவற்றை ஒரு சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலால் அடிக்கடி துடைக்க வேண்டும் என்றது. பெட்டிகளும் கிருமிநீக்கம் செய்யப்பட்டன. அறையிலிருந்த பத்திரிகைகள், பேனா, அலங்கார விரிப்பு ஆகியவை பல விடுதிகளில் எடுக்கப்பட்டன. பெரிய விடுதிகள் அறைக் கதவில் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று முத்திரைத் தாள் ஒட்டின. ஒருவர் காலி செய்த அறையை ஒரு நாளோ இரண்டு நாளோ பூட்டிவைத்த விடுதிகளும் உண்டு.

இந்த வேகத்தில் அளவு மீறிய காரியங்களும் நடந்தன. வெள்ளகோவில் அமைந்துள்ள திருப்பூர் மாவட்டத்திலேயே இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. 2020 ஏப்ரல் தொடக்கத்தில் திருப்பூர் தென்னம்பாளையம் சந்தை வாயிலில் ஒரு கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டது. உள்ளே நடந்து செல்வோர்மீது மருந்துக் கரைசல் பனிபோல் தெளிக்கப்படும். நாடெங்கும் அது புகழ்பெற்றது. பல ஊர்களில் அதைப் பார்த்து அமைத்தார்கள். ஆனால் அதே மாதம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம், மனிதர்மீது இத்தகைய மருந்தைத் தெளிக்கக்கூடாது என்று அறிவுறுத்தியது. உலகச் சுகாதார நிறுவனமும் மே மாதத்தில் அதையே சொன்னது. காரணம் எளிது. நோயாளியின் உள்ளே இருக்கும் வைரஸை மேலே தெளிக்கும் மருந்து தொடுவதில்லை. கண்ணையும் தோலையும் மூச்சுக்குழலையும்தான் அது எரிக்கிறது. நல்ல எண்ணம் மட்டும் போதாது, அது வேலை செய்யும் வழியும் தெரியவேண்டும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

சோப்பு முன்னே, மருந்து பின்னே

துப்புரவில் ரசாயனம் வேலை செய்யும் வழியைப் பார்ப்போம். கோவிட் வைரஸின் வெளியுறை கொழுப்பால் ஆனது. சோப்பின் மூலக்கூறுக்கு இரண்டு முனைகள். ஒன்று நீரை நாடும். மற்றொன்று கொழுப்பை நாடும். கொழுப்பை நாடும் முனை வைரஸின் உறைக்குள் ஆப்புப்போல் நுழைந்து அதைப் பிளந்துவிடுகிறது. எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய பாத்திரத்தைச் சோப்புப் போட்டுக் கழுவும்போது நடப்பதும் இதுதான்.

குளோரின் கரைசல் வேறு வகையில் தாக்குகிறது. அது தொட்ட கரிமப் பொருளை எல்லாம் ஆக்சிஜனேற்றம் செய்து சிதைக்கிறது. இங்கே 'எல்லாம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். அழுக்கு எது, வைரஸ் எது என்று குளோரினுக்குத் தெரியாது. மேசையில் அழுக்கு படிந்திருந்தால் அதன் பலமெல்லாம் அழுக்கோடு போராடியே தீர்ந்துவிடும். ஆகையால்தான் முதலில் சோப்புநீரால் கழுவி, பிறகு கிருமிநாசினி என்ற ஒழுங்கு ஏற்பட்டது.

அளவு என்ன? நல்ல பிளீச்சிங் பவுடரில் சுமார் 30 சதவீதம் பயன்தரும் குளோரின் இருக்கிறது. ஒரு லிட்டர் நீரில் 33 கிராம் கலந்தால் ஏறத்தாழ ஒரு சதவீதக் கரைசல் கிடைக்கும். மருத்துவமனை அல்லாத இடங்களில் இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 சதவீதமே போதும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறியது. ஒரு சதவீதக் கரைசல் ஒரு பங்கும் நீர் ஒன்பது பங்கும் சேர்த்தால் அது கிடைத்துவிடும். வெயிலிலும் வெப்பத்திலும் இக்கரைசல் வீரியம் இழக்கும். எனவே அன்றன்று கலக்க வேண்டும்.

நேரமும் முக்கியம். தடவிய உடனே உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் பயனில்லை. பரப்பு குறைந்தது ஒரு நிமிடமாவது ஈரமாக இருக்க வேண்டும். முன்பு 'பளபள' என்று உடனே துடைப்பதே திறமை. இப்போது பொறுத்திருப்பதே திறமை!

இங்கே ஓர் எச்சரிக்கை. பிளீச்சிங் பவுடரையும், கழிப்பறை கழுவும் ஆசிட்டையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வெளிவரும். முதல் உலகப் போரில் 1915ஆம் ஆண்டு போர்க்களத்தில் படைவீரர்களைக் கொன்ற அதே வாயு! ஜன்னலில்லாத சிறு குளியலறையில், 'இரண்டும் சேர்ந்தால் இரட்டைச் சுத்தம்' என்று எண்ணிக் கலப்பவர் தம் நுரையீரலையே பணயம் வைக்கிறார்.

குப்பைத்தொட்டி மூடி சொன்ன கதை

பரப்பின்மேல் நடந்த போர் உச்சத்தில் இருந்தபோது, வெகு தொலைவில் ஒரு விடுதியில் ஒரு புதிர் முளைத்தது. 2020 ஆகஸ்ட் மாதம் இந்தியாவிலிருந்து விமானத்தில் நியூசிலாந்து சென்றவர்கள் கிறைஸ்ட்சர்ச் நகரில் ஒரு விடுதியில் 14 நாள் தனிமையில் வைக்கப்பட்டார்கள். யாரும் யாரையும் சந்திக்கவில்லை. ஆயினும் நோயில்லாமல் இருந்த ஒருவருக்கு விடுதியிலேயே நோய் தொற்றியது. வைரஸின் மரபுக்குறிப்பு, அடுத்த அறையில் இருந்தவரின் வைரஸோடு ஒத்திருந்தது.

எப்படி? முதலில் பழி விழுந்தது தாழ்வாரத்தில் இருந்த பொதுக் குப்பைத்தொட்டியின் மூடிமேல். இருவரும் அதைத் தொட்டிருந்தார்கள். ஆனால் ஆய்வாளர்கள் விடுதியின் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளைப் பார்த்தபோது கதை மாறியது. இருவரும் மூடியைத் தொட்டதற்கு இடையே பல மணி நேரம் கழிந்திருந்தது. வேறொன்றும் தெரிந்தது. பரிசோதனைக்காகச் சளி எடுக்க, பணியாளர்கள் ஒவ்வோர் அறைக் கதவாகத் திறந்தார்கள். நோயாளியின் கதவு மூடியதற்கும் அடுத்த அறைக் கதவு திறந்ததற்கும் இடையே ஒரு நிமிடம்கூட இல்லை. தாழ்வாரமோ காற்றோட்டம் இல்லாதது. ஓர் அறையின் காற்று தாழ்வாரத்தில் தேங்கி, அடுத்த அறைக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்பதே அவர்கள் 2021இல் வெளியிட்ட முடிவு.

பேசும்போதும் இருமும்போதும் வெறுமனே மூச்சு விடும்போதும் நம்மிடமிருந்து நுண்திவலைகள் வெளிவருகின்றன. பெரியவை உடனே தரையில் விழும். மிகச் சிறியவை ஊதுபத்திப் புகைபோல் மணிக்கணக்கில் மிதக்கும். நோய் பரவும் முக்கிய வழி இதுவே என்பதற்கான சான்றுகள் குவிந்தன. 2021 ஏப்ரலில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. வைரஸ் படிந்த ஒரு பரப்பை ஒருமுறை தொடுவதால் நோய் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்றது அது.

அப்படியானால் துடைத்ததெல்லாம் வீணா? இல்லை. வயிற்றுப்போக்கு, வாந்தி முதலியவற்றை உண்டாக்கும் வேறு பல கிருமிகள் கைவழியே பரவுகின்றன. அவற்றுக்கு அந்தத் துப்புரவு இன்றும் தேவை. ஆனால் கோவிட் போன்ற நோய்க்கு முதல் மருந்து வாளியில் இல்லை, ஜன்னலில் இருந்தது.

காற்றுக்கு ஒரு கணக்கு

ஒரு லாட்ஜ் அறையின் நீளம் 12 அடி, அகலம் 10 அடி, உயரம் 10 அடி என்று கொள்வோம். கன அளவு 1,200 கன அடி. அவ்வளவு புதுக்காற்று உள்ளே வந்தால் பழைய காற்று முழுவதும் போய்விடும் என்று தோன்றும். அதுதான் இல்லை!

சாயநீர் நிறைந்த வாளியில் குழாயைத் திறந்துவிடுங்கள். ஒரு வாளி நல்ல நீர் விழுந்த பிறகும் சாயம் மிச்சம் இருக்கும். ஏனெனில் வழிந்து வெளியேறுவது சாயநீர் மட்டுமன்று. புதுநீரும் சேர்ந்தே வழிகிறது. காற்றும் அப்படியே. ஒருமுறை மாறினால் பழைய காற்றில் சுமார் 37 சதவீதம் எஞ்சும். இரண்டு முறை மாறினால் 14. மூன்று முறை மாறினால் 5. நூற்றில் ஒரு பங்காகக் குறைய 4.6 முறை மாற வேண்டும்.

மணிக்கு 6 முறை காற்று மாறும் அறையில் இதற்கு 46 நிமிடம் ஆகும். மணிக்கு 2 முறை மட்டும் மாறினால் 138 நிமிடம். எல்லாம் அடைத்து, இரண்டு மணிக்கு ஒருமுறைதான் காற்று மாறும் என்றால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல்! வைரஸ் தானாகவும் அழியும் என்பதை இக்கணக்கில் சேர்க்கவில்லை. இருப்பினும் வேறுபாடு விளங்குகிறதல்லவா?

குளிர்சாதன அறையில் தங்குவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏ.சி. பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் குளிர்விக்கிறது. அறை குளிர்ந்திருக்கும், காற்று பழையதாகவே இருக்கும். 2020இன் விதிமுறை ஏ.சி.யை 24 முதல் 30 டிகிரிக்குள் வைக்கச் சொன்னதோடு, இயன்ற அளவு வெளிக்காற்றை உள்ளே விடவும் சொன்னது இதனால்தான்.

நீங்களே செய்து பாருங்கள். வீட்டில் ஓர் அறையை மூடி, ஊதுபத்தி ஒன்றை ஏற்றி அணைத்துவிடுங்கள். மணம் மறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று குறியுங்கள். மறுநாள் எதிரெதிர் ஜன்னல்களைத் திறந்துவைத்து அதையே செய்யுங்கள். இரண்டு எண்களும் ஒரு பாடமே சொல்லும்.

வெயிலும் விரிப்பும்

சென்னிமலைப் போர்வையும் கரூர் விரிப்பும் நம் பக்கத்து நெசவு. அந்த விரிப்பைப் பணியாளர் உதறி எடுப்பது பழைய வழக்கம் என்றோமல்லவா? உதறினால் அதில் படிந்த துகள்கள் எல்லாம் காற்றில் எழும். உதறுபவரின் முகத்துக்கே முதலில் வரும். புதிய முறையில் விரிப்பை நான்கு மூலையிலிருந்தும் உள்நோக்கிச் சுருட்டி, அறையிலேயே பையில் இட்டு, பிறகு சலவைக்கு அனுப்ப வேண்டும். 60 டிகிரிக்கு மேற்பட்ட வெந்நீரும் சோப்புத்தூளும் போதும். வெந்நீருக்கு வழியில்லாத இடங்களில் 0.05 சதவீதக் குளோரின் கரைசலில் அரை மணி நேரம் ஊறவைக்கலாம்.

அதன்பின் வெயில். கோடைச் சூரிய ஒளிக்கு ஒப்பான செயற்கை ஒளியில், உமிழ்நீர் போன்ற கரைசலில் இருந்த வைரஸில் பத்தில் ஒன்பது பங்கு ஏறத்தாழ ஏழு நிமிடத்தில் அழிந்ததாக 2020இல் ஓர் ஆய்வு காட்டியது. மொட்டைமாடிக் கொடியில் துணி உலர்த்தும் நம் வழக்கத்துக்கு இதைவிட நல்ல சான்றிதழ் கிடைக்குமா?

மூடிக்கிடந்த விடுதிகளில் தேங்கிய நீரும் ஒரு சிக்கல். 1976இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு விடுதியில் கூடியவர்களிடையே விசித்திரமான நிமோனியா தோன்றிச் சுமார் 30 பேரைக் கொன்றது. 'லெஜியோனெல்லா' என்று பின்னர் பெயரிடப்பட்ட அந்தப் பாக்டீரியா தேங்கிய வெதுவெதுப்பான நீரில் பெருகும். நீர்த்துளி வழியே நுரையீரலை அடையும். எனவே நெடுநாள் மூடிய விடுதியைத் திறக்குமுன் தொட்டியைக் கழுவி, எல்லாக் குழாய்களையும் திறந்து பழைய நீரை ஓடவிட வேண்டும் என்பதும் துப்புரவுப் பட்டியலில் சேர்ந்தது. டெங்குக் கொசுவுக்கும் தேங்கிய நீரே தொட்டில் என்பதை நாம் அறிவோம்.

முதல் மூச்சு யாருடையது?

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். நோயாளி ஒருவர் இரவெல்லாம் தங்கிய அறையைக் காலி செய்கிறார். அந்தக் காற்றை அடுத்து முதலில் சுவாசிப்பவர் யார்? அடுத்து வரும் விருந்தினர் அல்லர். சீமாறும் வாளியுமாக நுழையும் பணியாளர்தான். கதவுக் குமிழை மணிக்கொருமுறை துடைக்கச் சொன்ன காலத்தில் நாம் பெரும்பாலும் விருந்தினரின் கையைப் பற்றியே நினைத்தோம். துடைப்பவரின் மூச்சைப் பற்றிப் போதுமான அளவு நினைக்கவில்லை. அதற்குமேல், நாள்தோறும் குளோரின் ஆவியை முகர்வோருக்கு ஆஸ்துமா வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆகவே, வேலையின் வரிசையே மாற வேண்டியிருந்தது. முகக்கவசம் அணிந்து நுழை, ஜன்னலைத் திற, குளியலறையின் காற்றுப்போக்கு விசிறியைப் போடு, தாழ்வாரக் கதவை மூடிவிட்டு வெளியே வா, காற்று மாறக் காத்திரு, பிறகே விரிப்பு, சோப்பு, மருந்து. இந்த வரிசைக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. தேவைப்படுவது நேரம். ஒரு நாளில் இத்தனை அறைகள் என்று கணக்குக் காட்டி விரட்டினால் அந்த நேரம் கிடைக்காது.

மாற்றங்கள் எல்லாம் நன்மைக்கே என்றும் சொல்வதற்கில்லை. தங்கியிருப்போரின் அறையை நாள்தோறும் சுத்தம் செய்யும் வழக்கத்தைத் தொற்றுக்கு அஞ்சிப் பல விடுதிகள் நிறுத்தின. அச்சம் தணிந்த பிறகும், அமெரிக்காவில் சில பெரிய விடுதி நிறுவனங்கள், கேட்டால் மட்டுமே சுத்தம் செய்வோம் என்று அதைத் தொடர்ந்தன. பல நாள் சேர்ந்த அழுக்கை ஒரே நேரத்தில் அகற்றும் சுமை ஒருபுறம், வேலை நாள்கள் குறைவது மறுபுறம் என்று தொழிற்சங்கங்கள் எதிர்த்தன.

2023 மே 5ஆம் தேதி உலகச் சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்ததாக அறிவித்தது. முத்திரைத் தாள்களும் சுரங்கங்களும் போய்விட்டன. எஞ்ச வேண்டியது என்ன? கண்ணுக்குத் தெரியும் சுத்தம் வேறு, நோயைத் தடுக்கும் சுத்தம் வேறு என்ற அறிவுதான்.

பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து, காற்றாலைகளைச் சுழற்றி, அம்மியையே பறக்கவைக்கும் ஆடிக்காற்று வீசும் பூமி நம்முடையது. காசில்லாமல் கிடைக்கும் அந்த மருந்தைக் கண்ணாடி போட்டு அடைத்துவைப்பானேன்? அடுத்தமுறை வெள்ளகோவிலிலோ வேறெங்கோ ஓர் அறையைக் காலி செய்யும்போது, சாவியைக் கொடுக்கக் கிளம்புமுன் ஜன்னலைத் திறந்துவிட்டு வாருங்கள். உங்களுக்குப் பின் அந்த அறைக்குள் நுழைபவர் முதல் மூச்சை நிம்மதியாக விடட்டும்.